விழப் பழகுதல்

(நூலக அரங்கு ஒன்றில் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது வாசலில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரவாங்கி இருக்கிறவங்க சண்டை கத்துக்கலாமாம்மா?" என்று கேட்டார். அவருடைய விரல் கணுக்கள் என் விரல் கணுக்களைப் போலவே வீங்கியிருந்தன. அவர் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நான் தயாரித்துக்கொண்டு வந்த பேச்சு முழுவதும் அவர் கேட்ட கேள்விக்கான பதில்தான். கற்றுக்கொள்ளலாம், அம்மா. ஆனால் எதை, யாரிடம், எந்த வேகத்தில் என்பதைச் சொல்லாமல் அந்தப் பதிலைக் கொடுத்தால் நான் உங்களுக்குத் தீங்கு செய்தவள் ஆவேன்.

என் கணவரின் வேலை காரணமாக நாங்கள் ஜப்பானில், கோபே நகரில், பல ஆண்டுகள் இருந்தோம். அங்கே போன இரண்டாவது ஆண்டு, எனக்கு 41 வயதாகும்போது, காலையில் எழுந்தால் கையை மூட முடியாமல் போயிற்று. முதலில் குளிர் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் வெந்நீரில் கையை வைத்திருந்தால்தான் விரல்கள் மடங்கும். மாவு டப்பாவின் மூடியைத் திறக்க முடியாமல் பிள்ளையைக் கூப்பிட்ட நாளில்தான் மருத்துவரிடம் போனேன். முடக்குவாதம், நாம் சரவாங்கி என்கிறோமே அது, என்றார்கள். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், தொடக்கத்தில் சில மாதம் ஸ்டீராய்டு. மெத்தோட்ரெக்ஸேட்டை இன்றும் சாப்பிடுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்தத் தற்காப்புக் கலையும் என் நோயைக் குணப்படுத்தவில்லை. நோயை அடக்கி வைத்திருப்பது மருந்து. கலை எனக்குச் செய்தது வேறு.

44 வயதில், மழை நாளில், ரயில் நிலையப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தேன். விழும்போது எல்லோரும் செய்வதையே செய்தேன், கையை ஊன்றினேன். இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எலும்பின் அடர்த்தியை அளந்து பார்த்துவிட்டு, மெலிந்திருக்கிறது, இனிமேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். கட்டுப் பிரித்த பிறகு எலும்பு கூடிவிட்டது, பயம் கூடவே தங்கிவிட்டது. படியைப் பார்த்தால் நிற்பேன். ஈரத் தரையைப் பார்த்தால் சுவரைப் பிடிப்பேன். மழை என்றால் வெளியே போக மாட்டேன். என்னை வீட்டுக்குள் முடக்கியதில் வாதத்துக்குப் பாதிப் பங்கு, இந்தப் பயத்துக்குப் பாதிப் பங்கு.

அப்போது என் கைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் ஓர் ஐம்பது வயதுப் பெண்மணி. ஒரு நாள் அவர் கேட்டார்: "விழுந்துவிடுவோமோ என்று இவ்வளவு பயப்படுகிறீர்களே, எப்படி விழுவது என்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?" எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. அவர் பல ஆண்டுகளாக ஐகிடோ பழகுகிறவர். அங்கே கற்றுத் தரும் முதல் பாடம் விழுவதுதான் என்றார்.

உங்களில் பலருக்கு ஜப்பானியத் தற்காப்புக் கலை என்றால் கராத்தேதான் நினைவுக்கு வரும். பலகையை உடைப்பது, ஓடுகளை அடித்து நொறுக்குவது. ஐகிடோவில் உடைப்பதற்கு ஒன்றும் கிடையாது. பெரும்பாலான பள்ளிகளில் போட்டியும் கிடையாது. வென்றவர், தோற்றவர் என்ற பேச்சே இல்லை. இருவர் இணைந்து பழகுவார்கள். ஒருவர் பிடிக்க வருவார் அல்லது அடிக்க வருவார். மற்றவர் அந்த விசையோடு சேர்ந்து திரும்பி, அவரை நிலைகுலைத்துத் தரையில் இறக்குவார். பிறகு முறை மாறும். ஒவ்வொருவரும் பாதி நேரம் வீழ்த்துகிறவர், பாதி நேரம் விழுகிறவர். விழுகிறவருக்கு உகே என்று பெயர், விழும் கலைக்கு உகேமி. 'உகே' என்றால் ஏற்பது. விழுவதை அவர்கள் தோல்வி என்று சொல்வதில்லை, ஏற்றுக்கொள்வது என்று சொல்கிறார்கள். இந்தச் சொல்லைக் கேட்ட அன்றே எனக்கு அந்தக் கலை பிடித்துவிட்டது.

இந்தக் கலைகளை உண்டாக்கியவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். திடகாத்திரமானவர்களுக்காகத் திடகாத்திரமானவர்கள் கண்டுபிடித்தது, நோயாளி ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டியது என்று நினைத்துத்தான் நானும் போனேன். படிக்கப் படிக்க வேறு கதை தெரிய வந்தது.

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1860-இல் மிகாகே என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இன்று கோபே நகருக்குள் அடங்கிவிட்டது. சாக்கே என்னும் அரிசி மதுவை வடிக்கும் குடும்பங்கள் நிறைந்த கடற்கரை அது. சிறுவன் கானோ படிப்பில் கெட்டி, உடம்பில் நோஞ்சான். வளர்ந்த பிறகும் அவர் உயரம் 157 சென்டிமீட்டர் அளவுதான். தோக்கியோவில் உறைவிடப் பள்ளியில் பெரிய பையன்கள் அவரை அடித்துத் துன்புறுத்தினார்கள். ஜுஜுட்சு என்ற பழைய போர்க்கலை தெரிந்தால் சிறிய உடம்புக்காரனும் பெரியவனைச் சாய்க்கலாம் என்று கேள்விப்பட்டு, ஆசான் தேடினார். கிடைக்கவில்லை. 1868-க்குப் பிறகு சாமுராய்களின் காலம் முடிந்து, பழைய போர்க்கலைகளை யாரும் மதிக்காத நேரம். ஆசான்கள் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே கானோ எலும்பு வைத்தியர்களைத் தேடிப் போய் விசாரித்தார். கன்னியாகுமரிப் பக்கம் வர்ம ஆசானே எலும்புக்குக் கட்டுப்போடுகிறவராகவும் இருப்பதை அறிந்த உங்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. உடைக்கத் தெரிந்த கைதான் சேர்க்கவும் தெரிந்த கை. அப்படித் தேடி 1877-இல் ஃபுகுடா ஹச்சினோசுகே என்பவரிடம் சேர்ந்தார்.

அங்கே அவர் பட்ட பாட்டை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும். உடம்பெல்லாம் சிராய்ப்பு, எந்நேரமும் களிம்பு. இந்த வீச்சை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் ஆசான் விளக்கம் சொல்வதில்லை. வா என்று அழைத்துத் திரும்பவும் தூக்கிப் போடுவார். கையை எங்கே வைப்பது, காலை எங்கே வைப்பது என்று கேட்டால் இன்னொரு முறை விழ வேண்டும். கானோ அப்போது உடுத்திய கிழிந்த மேலங்கியை, பின்னாளில் அவர் தோக்கியோவில் தொடங்கிய கொதோகான் என்ற ஜூடோ பள்ளியில் இன்றும் வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் கானோ தம் மாணவர்களுக்கு அப்படிக் கற்றுத் தரவில்லை. எதனால் ஒருவர் சாய்கிறார், நிலைகுலைவது எந்தக் கணத்தில் நடக்கிறது என்று விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தார். ஆபத்தான பிடிகளைத் தடையின்றிப் பழகும் பயிற்சியிலிருந்து விலக்கினார். விழுவதற்கு முறை வகுத்தார். 1882-இல் தோக்கியோவில் எய்ஷோஜி என்ற கோயிலில், 12 பாய் விரிந்த இடத்தில், கொதோகானைத் தொடங்கினார். ஒரு பாய் ஆறடிக்கு மூன்றடி. நம் வீட்டுக் கூடம் அளவு இடம். உலகம் முழுவதும் போன ஜூடோ அங்கே பிறந்தது.

ஐகிடோவை உருவாக்கியவர் உயெஷிபா மோரிஹேய். 1883-இல் தனாபே என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். அவரும் குழந்தையிலிருந்தே நோயாளி. வீட்டுக்குள் புத்தகமும் கையுமாக இருந்த பிள்ளையைத் தகப்பனார்தான் நீந்தவும் சுமோ பழகவும் அனுப்பினார். இளைஞனாகத் தோக்கியோவுக்குப் போய் வியாபாரம் தொடங்கிய காலத்தில் பெரிபெரி நோய் வந்து ஊருக்குத் திரும்பினார். பெரிபெரி, தீட்டிய வெள்ளை அரிசியையே தின்று தயாமின் சத்துக் குறைவதால் வருவது. அந்தக் காலத்தில் தோக்கியோவில் மலிந்து கிடந்தது. உடம்பு தேறிய பிறகு பட்டாளத்தில் சேரப் போனவரை உயரம் போதாது என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். அந்த மனிதர்தான் பின்னாளில், தாய்த்தோ-ரியு என்ற பழைய ஜுஜுட்சுவைத் தகேதா சோகாகுவிடம் கற்று, அதைப் பல ஆண்டுகளில் வேறொன்றாக மாற்றினார். ஐகிடோ என்ற பெயர் 1942-இல் நிலைபெற்றது. 1969-இல், கல்லீரல் புற்றுநோயால் இறந்தார்.

அவருடைய மாணவர் தோஹேய் கோய்ச்சி. 1920-இல் பிறந்தவர். ஜூடோ பழகிக்கொண்டிருந்த இளம் வயதில் அவருக்குப் புளூரிசி வந்தது. நுரையீரலைச் சுற்றிய உறை வீங்கும் நோய். ஓடாதே, சத்தமாகப் பேசாதே என்று மருத்துவர்கள் கட்டிப்போட்டார்கள். படுக்கையில் கிடந்தவர் தியானத்திலும் மூச்சுப் பயிற்சியிலும் இறங்கினார். பிறகுதான் ஐகிடோவுக்கு வந்தார். 1953-இல் ஹவாய்க்குப் போய் அந்தக் கலையை ஜப்பானுக்கு வெளியே வேரூன்றச் செய்தவர்களில் அவர் முதல்வர். 91 வயது வரை வாழ்ந்தார்.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். தோஹேய்க்கு இன்னொரு குரு உண்டு, நாகமுரா தெம்பூ என்று பெயர். 1876-இல் பிறந்தவர். காசநோய் முற்றி, அமெரிக்கா, ஐரோப்பா என்று வைத்தியம் தேடி அலைந்து, எதுவும் பலிக்காமல் ஊருக்குச் சாகத் திரும்பும் வழியில், கெய்ரோவில் ஒரு யோகியைச் சந்தித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த யோகியோடு இந்தியாவுக்கு வந்து, கஞ்சன்ஜங்கா மலையடிவாரத்தில் யோகம் பயின்று, உயிரோடு ஜப்பான் திரும்பி, 1919-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். மனமும் உடலும் ஒன்றுபட வேண்டும் என்று தோஹேய் தம் ஐகிடோவில் சொன்ன பாடத்துக்கு அடித்தளம் இவரிடமிருந்து வந்தது. ஜப்பானியர்கள் மூச்சை அடிவயிற்றில் நிறுத்தி வெளிவிடச் சொல்லும்போது, நம் வீட்டுப் பழைய சரக்கு ஒன்று கடல் சுற்றி வந்து சேர்ந்தது போல் எனக்கு இருந்தது.

ஆக, அடி வாங்கிய நோஞ்சான் ஒருவர், பெரிபெரிக்காரர் ஒருவர், புளூரிசிக்காரர் ஒருவர். இவர்கள் பலசாலியோடு பலத்தால் மோதினால் நொறுங்கிப் போவார்கள். அதனால் வேறு வழி தேடினார்கள். ஜூடோவின் 'ஜூ' என்ற எழுத்தைப் பொதுவாக 'மென்மை' என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அதில் திருப்தியில்லை. மென்மை என்றால் பூ நினைவுக்கு வருகிறது. 'ஜூ' என்பது பிரம்பின் குணம், நாணலின் குணம். தமிழில் வளைந்து கொடுப்பது என்கிறோமே, அதுதான். கானோ முதலில் கற்ற ஜுஜுட்சு மரபின் பெயரிலேயே வில்லோ மரம் இருக்கிறது. அந்த மரபின் மூலக்கதையில் அகியாமா என்ற மருத்துவர் வருகிறார். கடும் பனி பெய்த நாளில், விறைத்து நின்ற மரங்களின் கிளைகள் பனியின் எடை தாங்காமல் முறிந்தன. வில்லோவின் கிளை மட்டும் தாழ்ந்து, பனியைச் சரியவிட்டு, மறுபடி நிமிர்ந்தது. அதைப் பார்த்துத்தான் அவருக்குக் கலை பிடிபட்டது என்பார்கள். கதையில் வருபவரும் ஒரு வைத்தியர் என்பதைக் கவனியுங்கள்.

இனி நான் சேர்ந்த கதைக்கு வருகிறேன். முதலில் போன இடம் சரியாக அமையவில்லை. அங்கே எல்லோரும் இளைஞர்கள். முடக்குவாதம் என்று சொன்னேன்; பரவாயில்லை, பழகினால் சரியாகிவிடும் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் எழுந்து வந்திருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் நிக்கியோ என்ற பிடியை ஒருவர் என் மணிக்கட்டில் போட்டார். மணிக்கட்டை உள்பக்கமாக மடித்துத் திருகும் பிடி அது. நல்ல மணிக்கட்டே துடிக்கும். நிறுத்து என்பதற்கு அடையாளமாகத் தரையைத் தட்ட வேண்டும், தட்டினேன். அவர் ஒரு நொடி தாமதித்து விட்டார். மூன்று வாரம் கையால் டம்ளரைத் தூக்க முடியவில்லை.

மறுபடி ஆறு மாதம் வீட்டில் இருந்தேன். பிசியோதெரபிஸ்ட் அம்மையார்தான் விடாமல், தாம் பழகும் இடத்துக்கு என்னைக் கூட்டிப் போனார். நகராட்சி உடற்பயிற்சிக் கூடத்தின் மாடி. பாய் விரித்த அறை, சுவரோரம் குடைகள், ஒரு தண்ணீர்க் கெண்டி. பழகுகிறவர்களில் பாதிப் பேருக்கு அறுபது வயதுக்கு மேல். சென்ஸேய், அதாவது ஆசிரியர், எழுபது தாண்டியவர், என்னைப் பாயில் ஏறவே விடவில்லை. ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த மூட்டு வலிக்கிறது, காலையில் எத்தனை மணி நேரம் விறைப்பு இருக்கிறது, என்ன மாத்திரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கடைசியாக, "கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தீர்களா?" என்றார். எடுக்கவில்லை. "எடுத்துவிட்டு வாருங்கள். அதுவரை நீங்கள் உருளக் கூடாது."

இதை நான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். முடக்குவாதம் விரலையும் முட்டியையும் மட்டும் பிடிப்பதில்லை. மண்டையோட்டுக்குக் கீழே கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் சேரும் மூட்டையும் சிலருக்கு அரித்துத் தளர்த்திவிடும். வெளியே தெரியாது. அப்படிப்பட்டவர் தலைகுப்புற உருண்டால் தண்டுவடத்துக்கே ஆபத்து. கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். என் வாத மருத்துவர் படத்தைப் பார்த்து, கழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் எலும்பு மெலிவு இருப்பதால் உயரத்திலிருந்து விழும் வீச்சுகள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைச் சென்ஸேய் இரண்டு கையாலும் வாங்கிப் படித்தார். அன்றுதான் பாயில் ஏறினேன்.

முதல் மூன்று மாதம் ஒரே பாடம். பின்னோக்கி விழுவது. அதுவும் நின்றபடி அல்ல, தரையில் உட்கார்ந்தபடி. தாடையை நெஞ்சோடு சேர்த்து, கண் இடுப்புப் பட்டையின் முடிச்சைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பின்மண்டை தரையில் மோதாது. முதுகைக் கூடை போல் வளைக்க வேண்டும். மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சைப் பிடித்தால் உடம்பு பலகையாகிவிடும். கையைப் பின்னால் ஊன்றவே கூடாது. இடுப்பு, இடுப்புக்கு மேல், தோள்பட்டை என்று உடம்பு வரிசையாகப் பாயைத் தொட்டு, ஆட்டுக்கல் குழவி சாய்ந்து திரும்புவது போல் மறுபடி எழ வேண்டும். கையை உடம்பிலிருந்து சற்று விலக்கி, உள்ளங்கை முதல் முழங்கை வரை ஒரே நேரத்தில் பாயில் தட்டினால் விழும் வேகத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். என் மணிக்கட்டுக்குத் தட்டுவது ஒத்துக்கொள்ளவில்லை. தட்ட வேண்டாம், கையை மார்பில் மடித்துக்கொள்ளுங்கள் என்றார் சென்ஸேய். முறையை எனக்காக மாற்றினார். முறைக்காக என்னை ஒடிக்கவில்லை.

உட்கார்ந்து விழுந்தது குந்தி விழுவதாயிற்று. பிறகு அரை நிலை. ஏழாம் மாதம் நின்ற நிலையிலிருந்து விழுந்தேன். ஒரு கால் பின்னால் போக, முட்டி மடங்க, உடம்பு தானாகச் சுருண்டு இறங்கி எழுந்தது. எழுந்து நின்று அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஒருவர் என் குடையைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார், இன்று மழை பெய்கிறது, பார்த்துப் போங்கள் என்று. மழையில் நடந்தே வீட்டுக்குப் போனேன்.

முன்னோக்கி உருள்வதற்கு இன்னும் ஓராண்டு ஆயிற்று. அது தலையால் போடும் குட்டிக்கரணம் இல்லை. சுண்டுவிரல் ஓரத்தில் தொடங்கி, முன்கை, முழங்கை, மேல்கை, தோள் என்று ஏறி, முதுகில் குறுக்காக இறங்கி எதிர்ப்பக்க இடுப்பில் முடிய வேண்டும். தலையும் நடு முதுகெலும்பும் தரையைத் தொடக்கூடாது. சக்கரம் போல என்று சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது, செய்ய ஓராண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, விழுந்ததனால் ஆண்டுதோறும் உலகில் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள். அவர்களில் மூத்தவர்களே அதிகம். நம் வீடுகளில் பாட்டி குளியலறையில் விழுந்தார், இடுப்பெலும்பு போயிற்று, அதோடு படுத்தவர்தான் என்ற கதை இல்லாத குடும்பம் உண்டா? ஐகிடோ தெரிந்தால் அந்தப் பாட்டி தப்பியிருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். குளியலறைத் தரை பாய் அல்ல. திடீரென்று விழும்போது யோசிக்க நேரமும் இல்லை. ஆனால் ஒன்று உறுதி. விழத் தெரிந்தவர் நடக்கப் பயப்படுவதில்லை. நடப்பவரின் கால் வலுவாக இருக்கிறது. பயந்து உட்கார்ந்தவரின் கால் மெலிகிறது, மெலிந்த கால் முதலில் தடுமாறுகிறது. நான் அந்தச் சுழலுக்குள் இருந்தவள், எனக்குத் தெரியும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மென்மையான கலை என்ற பெயரை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். ஜப்பானில் 1983 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் பள்ளி ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் தலைக்காயம். விழக் கற்றுக்கொள்ளும் முன்பே வேகமாக வீசப்பட்ட பிள்ளைகள் அவர்களில் உண்டு. தலைவலி என்று சொன்ன பிறகும் பாயில் நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. 2012-இல் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலை கட்டாயப் பாடமானபோது, பிள்ளையை இழந்த பெற்றோர் எழுப்பிய குரலால்தான் நாடு இந்தக் கணக்கைத் திரும்பிப் பார்த்தது. வளைந்து கொடுப்பதைக் கற்பிக்கும் கலை, வளையாத ஆசிரியர் கையில் கிடைத்தால் இதுதான் நடக்கும். குற்றம் கலையில் இல்லை என்று சொல்லி நான் தப்பிக்க விரும்பவில்லை. கலை என்பது அதைக் கற்றுத் தருகிற ஆளும் சேர்ந்ததுதான்.

நோயோடு வருகிறவர்களுக்கு நான் கண்டறிந்த சிலவற்றைச் சொல்கிறேன். பயிற்சி வெறுங்காலில் நடக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள், பாயின் கிழிசலில் விரல் கிழிந்தாலும் அறிய மாட்டார்கள்; எங்கள் இடத்தில் அப்படி ஒருவர் துணிக் காலணி போட்டுக்கொண்டு பழகினார், பழகி முடித்ததும் பாதத்தைக் கண்ணாடியில் பார்ப்பார், பையில் இனிப்பு மிட்டாய் வைத்திருப்பார். கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் உருளும் முன் கண் மருத்துவரைக் கேட்க வேண்டும். மண்டியிட்டு உட்காரும் சேய்ஸா, முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஆகாது. நாற்காலியில் உட்கார்ந்து வணங்கினாலும் அந்த வணக்கம் வணக்கம்தான். முட்டியால் நடந்து பழகும் பயிற்சியை நான் ஒரு நாளும் செய்ததில்லை. வாதம் பொங்கி மூட்டு சூடாக இருக்கும் நாளில் பாயில் ஏறக்கூடாது. இதில் வீரம் காட்டிய இரண்டு முறையும் நான் ஒரு மாதம் படுத்தேன்.

அப்படிப் படுத்து எழுந்த ஒரு நாள், இனி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வரத்தான் போனேன். சென்ஸேய் அதற்கு மறுப்பும் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. சுவரோரம் ஒரு மெத்தையைப் போட்டு, "இன்று மித்தொரி-கேய்கோ செய்யுங்கள்" என்றார். மித்தொரி என்றால் கண்ணால் எடுத்துக்கொள்வது. கேய்கோ என்றால் பயிற்சி. காயம்பட்டவரும் நோயில் இருப்பவரும் ஓரமாக உட்கார்ந்து, மற்றவர்கள் பழகுவதைக் கவனமாகப் பார்ப்பது. அதை ஓய்வு என்றோ விடுப்பு என்றோ அவர்கள் சொல்வதில்லை. வருகைப் புத்தகத்தில் என் பெயருக்கு நேரே எல்லோருக்கும் போடும் அதே வட்டத்தைப் போட்டார். அந்தக் குளிர்காலத்தில் பதினான்கு வகுப்புகள் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். யாருடைய எடை எந்தக் காலில் இருக்கிறது, எந்தக் கணத்தில் அது நழுவுகிறது என்பது பாயில் நின்றபோது எனக்குத் தெரிந்ததே இல்லை. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. 53 வயதில் கறுப்புப் பட்டை கிடைத்தது. அதற்கு அந்தப் பதினான்கு வகுப்புகளும் காரணம்.

முடிக்கும் முன் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கானோவின் முதல் ஆசானான அந்த ஃபுகுடாவுக்கு ஒரு பேத்தி உண்டு, ஃபுகுடா கெய்கோ. 1913-இல் பிறந்தவர், ஐந்தடிகூட இல்லாத உயரம். கானோவே அழைத்து, 1935-இல் ஜூடோவில் சேர்ந்தார். ஜூ-நோ-கதா என்று ஒரு வரிசை இருக்கிறது, பதினைந்து அசைவுகள். யாரும் யாரையும் தூக்கி எறிவதில்லை, நிலைகுலையும் கணம் வரை கொண்டு போய் மெதுவாகத் திரும்ப இறக்கிவிடுவார்கள். அன்றாட உடையிலேயே செய்யலாம். உடம்பு முடியாதவர் ஜூடோவைத் தொட விரும்பினால் நான் இதைத்தான் காட்டுவேன். அதில் கெய்கோவுக்கு நிகர் யாருமில்லை. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் அதைச் செய்து காட்டினார். பெண் என்பதால் அவரைப் பல ஆண்டுகள் கறுப்புப் பட்டையின் ஐந்தாம் நிலையிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். அது அநியாயம், பிற்பாடு திருத்தப்பட்டது. 2011-இல், 98 வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்குப் பத்தாம் நிலையைக் கொடுத்தது. ஜூடோவில் அதற்கு மேல் யாருக்கும் கொடுத்ததில்லை. சான்ஃபிரான்சிஸ்கோவில் தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகும் நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடம் நடத்தினார். 2013-இல், நூறு வயதுக்கு இரண்டு மாதம் குறைவாக, காலமானார்.

மூன்றாவது வரிசை அம்மா, உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். முதலில் உங்கள் வாத மருத்துவரிடம் போங்கள்; கழுத்து எக்ஸ்ரே வேண்டுமா, எலும்பு அடர்த்தி பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள், அவர் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிறகு கற்றுத் தருகிற இடத்துக்குப் போய், உங்கள் நோயை மறைக்காமல் சொல்லுங்கள். பழகினால் சரியாகிவிடும் என்று சொல்கிற ஆசிரியராக இருந்தால் வணங்கிவிட்டு வந்துவிடுங்கள். தாளும் பேனாவும் எடுத்து எழுதிக்கொள்கிறவராக இருந்தால், முதல் மாதம் சேராதீர்கள். ஓரத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்லி, உட்கார்ந்து பாருங்கள்.